கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தைச் சீரமைப்பது: ஈரோட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு வேலை செய்யும் சிறு குழு ஒன்றைப் பெருந்துறைப் பக்கத்திலிருந்து நடத்தி வருகிறேன். கோயில் மதில், தொட்டிக்கட்டு வீடு, பழைய பள்ளிக்கூடம் என்று கொங்கு வட்டாரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த எங்களை, கிழக்குக் கடற்கரையில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி அழைத்தார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் டீக்கடையிலும், கல்யாணப் பந்தியிலும், எங்களிடம் வேலை பழக வரும் இளைஞர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வந்துகொண்டிருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, கொங்கு நாட்டுல கடலே இல்லீங்க. நமக்கெதுக்குங்க கலங்கரை விளக்கம்?

கடல் இல்லையென்றாலும் கடலோடு நமக்குள்ள தொடர்பு பழையது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் செய்த மணிகளும் கரூருக்கு வந்து சேர்ந்த ரோமானியக் காசுகளும் ஏதோ ஒரு துறைமுகத்தின் வழியாகத்தான் போய் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்களை அழைத்ததற்குக் காரணம் வரலாறு அன்று. சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, பூசத் தெரிந்த கொத்தனார்கள் இங்கே கோயில் திருப்பணிகளால் இன்னும் எஞ்சியிருக்கிறார்கள். பழைய வார்ப்பிரும்பு உறுப்பைப் பார்த்து அதைப் போலவே இன்னொன்றை வார்த்துத் தரும் பட்டறைகள் கோயம்புத்தூரில் இருக்கின்றன. கலங்கரை விளக்கத்துக்கு இந்த இரண்டும் வேண்டும்.

லைட் ஹவுஸ்னு சொன்னாப் போதாதுங்களா? கலங்கரைன்னா என்னங்க?

போதும், வேலையிடத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். 'கலம்' என்பது கப்பல், 'கரைதல்' என்பது அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். கப்பலைக் கூப்பிடும் விளக்கு என்று பொருள். கடற்கரைக்கும் இந்தக் கரைக்கும் தொடர்பில்லை. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையிலேயே, உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ ஓடும் கலங்களை அழைப்பதாக வருகிறது.

இத்தனை பெரிய கோபுரத்தை ஏனுங்க கைவிட்டாங்க?

பெரும்பாலும் விளக்கு இடம் மாறியதால்தான். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1796-இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எரிந்த விளக்கு, 1844-இல் இன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூணுக்கு மாறியது. 1894-இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கே ஏறியது. 1977-இல் மெரினாவுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் பழைய கட்டடத்துக்கு வேலை போய்விடுகிறது. புதுச்சேரிக் கடற்கரையில் 1836-இல் ஏற்றப்பட்ட பிரெஞ்சுக்காரர்களின் விளக்கும் 1979-இல் இப்படித்தான் ஓய்வு பெற்றது.

இன்னொரு காரணம், மின்விளக்கும் தானியங்கிக் கருவிகளும் வந்தபின் அங்கேயே தங்கியிருக்க ஆள் தேவைப்படவில்லை. விளக்கு எரிந்தாலும் ஆள் இல்லாத கோபுரம் பாதி கைவிடப்பட்ட கோபுரந்தான். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

நல்லாக் கட்டுன கோபுரம் சும்மா நின்னா எப்படிங்க கெட்டுப் போகும்? யாரும் இடிக்கலையே?

இந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால் மற்றவையெல்லாம் எளிது. கடற்காற்று தன்னோடு உப்பைக் கொண்டுவருகிறது. அந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து செங்கல்லுக்குள் இறங்குகிறது. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது தானே நீர்த்துக் கரைந்துவிடும், அதற்குக் கீழே போனால் மறுபடி படிகமாகும். கடற்கரையில் இரவில் அந்த அளவைத் தாண்டி, நடுப்பகலில் கீழே வரும் நாட்கள் மிகுதி. ஆக, சுவருக்குள்ளே உப்பு ஒவ்வொரு நாளும் கரைந்து ஒவ்வொரு நாளும் படிகமாகிறது. படிகமாகும்போதெல்லாம் செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து நெம்புகிறது. மழை ஒரு பருவத்துக்கு வந்து போகும், இந்த வேலை ஆண்டு முழுவதும் நடக்கும்.

நாங்கள் முதல் நாள் கதவைத் திறந்தபோது உள்சுவரில் இடுப்பு உயரம் வரை வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் மேஸ்திரி விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாம்பாருக்குப் போடலாம்" என்றார். (அதற்குப் பிறகு நாக்கில் வைத்துப் பார்ப்பதைத் தடை செய்துவிட்டோம், காரணம் கீழே பாதுகாப்பைப் பற்றிய பதிலில் வருகிறது.) அந்த வெள்ளைக்குப் பின்னால் இருந்த செங்கல்லைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஈரச் சர்க்கரை போல உதிர்ந்தது.

விளக்குக் காவலர் குடியிருந்த காலத்தில் காலையில் சன்னல்களைத் திறப்பார்கள், கோபுரத்தின் நடுவே காற்று கீழிருந்து மேலேறிப் போகும், சுவர் உலரும். கைவிட்டபின் யாரோ நல்ல எண்ணத்தில் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பூட்டிப் பாதுகாத்ததுதான் அந்தக் கட்டடத்துக்கு நேர்ந்த பெரிய கேடு என்பது என் கருத்து. அடைப்பை எடுத்துக் காற்றை விட்டதைத் தவிர முதல் மூன்று மாதங்கள் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

உப்புப் பூத்ததைச் சுரண்டிட்டு நல்லா சிமெண்ட் வெச்சுப் பூசிட்டா முடிஞ்சுதுங்களே?

முடிந்துவிடும், கோபுரம் முடிந்துவிடும். போர்த்தண்ணீரில் கட்டிய வீட்டில் உவர் அடித்துப் பூச்சு பொரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் மேல் சிமெண்ட் பூசினால் இரண்டு ஆண்டு அழகாக இருக்கும், பிறகு பூச்சு பலகை பலகையாக விழும். விழும்போது பின்னால் இருக்கும் செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு அந்தப் பூச்சிலேயே வந்து படிகமாகும். பூச்சு கெடும், செங்கல் தப்பிக்கும். கெட்ட பூச்சைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம், கெட்ட செங்கல்லை அப்படி மாற்ற முடியாது. சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடுவதால் உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிறது. தவிர, பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சற்றே அசைந்து கொடுக்கும், சிமெண்ட் அசையாது. பழைய சுவரில் பூச்சு சுவரைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. வலுவான பூச்சு நல்ல பூச்சு என்று நினைத்துப் பழகிய இளம் கொத்தனார்களுக்கு இதை மனத்தில் ஏற்றுவதற்கே ஒரு மாதம் ஆகிறது.

ஏற்கெனவே யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதை எடுப்பதும் எளிதன்று. சிறிய உளியும் இலகுவான சுத்தியலும் கொண்டு, அடி செங்கல்லில் இறங்காமல் சாய்வாகத் தட்ட வேண்டும். எடுத்தால் செங்கல்லும் கூடவே வரும் என்று தெரிகிற இடத்தில் அந்தச் சிமெண்டை அப்படியே விட்டுவிடுவதும் சீரமைப்புதான்.

அப்போ உள்ளாற இருக்கிற உப்பை எப்படிங்க வெளியே எடுப்பீங்க?

முழுவதும் எடுக்க முடியாது, குறைக்கலாம். மை படாத காகிதக் கூழை வாலை வடிநீரில் பிசைந்து, கட்டைவிரல் தடிமனுக்குச் சுவரில் அப்புவோம். நீர் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது கரைந்த உப்பு கூழுக்கு வந்து சேரும். காய்ந்ததைப் பிய்த்தெடுத்து, அதில் அளந்த ஒரு பங்கை அளந்த வடிநீரில் ஊறவைத்து, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்ப்போம். வீட்டுக்கு ஆர்.ஓ. மாட்ட வருகிறவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறாரே, அதே மீட்டர்தான். அப்பிய ஒவ்வொரு சுற்றுக்கும் எண் குறைந்துகொண்டே வர வேண்டும். குறைவது நின்றபின்தான் பூச்சு.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு, கூழ் வைக்காமல், ஊர்க் கோயிலில் பூசுவதுபோல் ஓர் ஆள் உயரத்துக்கு மாதிரிப் பூச்சு பூசினோம். மூன்றாவது வாரம், பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் மணியாசுக் கட்டையின் தடம் கூட அழியாத அந்தப் பூச்சு, பின்னால் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்து, ஒரே தகடாகக் கழன்று வந்தது. அதை இப்போதும் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வேலை பழக வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் போட்டாத்தானுங்க பழைய சுண்ணாம்பு? அது நெசமா, கதையா?

மெய்தான், ஆனால் மந்திரம் இல்லை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சாந்தைக் குழைவாக்கும், கரணையில் ஒட்டாமல் இழுக்க உதவும், பூச்சு அவசரமாகக் காய்ந்து வெடிப்பதைக் குறைக்கும். கவுந்தப்பாடி வெல்லம் போட்டால்தான் ஆகும் என்று எங்கள் ஆட்களில் சிலர் பிடிவாதமாகச் சொல்வது ஊர்ப் பாசம். எனக்கு அதில் மறுப்பு இல்லை. அளவு மீறினால் பூஞ்சையும் எறும்பும் வரும். முட்டை வெள்ளைக்கரு செட்டிநாட்டு வீடுகளில் பார்க்கிறோமே, அந்த மெருகுப் பூச்சுக்கு உரியது. உப்புக் காற்று அறையும் வெளிச்சுவருக்கு அது வேண்டாம்.

சாந்தின் வலு சுண்ணாம்பிலிருந்தும் அரைப்பிலிருந்தும்தான் வருகிறது. மேட்டுக்காட்டில் உழும்போது கிடைக்கும் சுக்கான் கல்லைச் சுட்டால் வருவது, களிமண் கலந்திருப்பதால் ஈரத்திலும் இறுகும் சுண்ணாம்பு. 1750-களில் இங்கிலாந்தின் எடிஸ்டன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், கடல் நீரில் இறுகும் சாந்தைத் தேடிப் பல சுண்ணாம்புக் கற்களைச் சோதித்துக் கண்டறிந்ததும் இதைத்தான்: களிமண் கலந்த கல்லே நீரில் இறுகும். தூய சுண்ணாம்புதான் கையில் இருக்கிறது என்றால் நன்றாகச் சுட்ட செங்கல்லின் பொடியைச் சேர்த்து அந்தக் குணத்தைப் பெறலாம். கலக்கும் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். நாங்கள் லாரியில் வாங்குகிறோம். கடற்கரைக் கிணற்று நீரில் கலந்தால், முந்தைய பதிலில் சொன்ன கூழ் வேலை அத்தனையும் வீண்.

முதல் நாள் போனதும் என்னங்க செய்வீங்க? சாரம் கட்டுவீங்களா?

இல்லை, அளப்போம். ஒவ்வொரு சன்னலும், ஒவ்வொரு படியும், ஒவ்வொரு வெடிப்பும் வரைபடத்தில் ஏறும். உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுக் கோபுரம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இரண்டு பக்கமும் ஒட்டித் தேதி எழுதுவோம். வெடிப்பு பழையது, நின்றுவிட்டது என்றால் சில்லு அப்படியே இருக்கும், நகர்ந்தால் உடையும். எங்களுடைய கோபுரத்தில் ஒட்டிய சில்லுகளில் வடகிழக்குப் பக்கத்தது மட்டும் மழைக்காலத்தில் உடைந்தது. அங்கே அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தபோது, மழைநீர் வடிகால் மண்மூடி, தண்ணீர் முழுவதும் கோபுரத்தின் காலடியில் தேங்குவது தெரிந்தது. வெடிப்பை அடைப்பதற்கு முன் வடிகாலைத் திறந்தோம்.

யாருகிட்ட அனுமதி வாங்கோணுங்க?

முதலில் உரிமை யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுவே பாதி வேலை. கடற்கரைக் கலங்கரை விளக்கங்கள் பெரும்பாலும் மத்தியக் கப்பல்துறை அமைச்சகத்தின் கீழுள்ள கலங்கரை விளக்கங்கள் தலைமை இயக்குநரகத்தைச் சேர்ந்தவை. கைவிடப்பட்டவை சில இடங்களில் துறைமுகத்திடமோ வருவாய்த் துறையிடமோ போயிருக்கும். 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த புதிய சட்டம், பழைய விளக்கங்களைப் பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களாக அடையாளம் காணவும், கல்விக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுத்தவும் இடமளிக்கிறது. இது நமக்குச் சாதகமான செய்தி.

கட்டடமோ அதன் பக்கத்தில் உள்ள ஒன்றோ மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும் அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இவற்றோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். ஒரு தற்காலிகக் கழிப்பறைக்குக் கூட கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு தொடங்கினால் மனம் நோகாது.

இரும்புப் படியெல்லாம் துரு ஏறிப்போச்சுன்னா புதுசா வெல்டிங் வெச்சுக்கலாமுங்களா?

வார்ப்பிரும்பை வெல்டிங் வைப்பது நுணுக்கமான வேலை. தெரியாமல் வைத்தால் பக்கத்திலேயே புதிய வெடிப்பு விடும். உடைந்த சுழற்படிகளுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கோயம்புத்தூரில் ஒரு சிறு வார்ப்படப் பட்டறையில் வார்க்கச் சொன்னோம். நல்ல நிலையிலிருந்த ஒரு பழைய படியைக் கொடுத்து, "இதையே மாதிரியாக மண்ணில் பதித்து வாருங்கள்" என்றேன். பட்டறைக்காரர் சிரித்தார். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும்; அறுநூறு மில்லிமீட்டர் படியை அப்படியே பதித்து வார்த்தால் ஆறு மில்லிமீட்டர் குறைந்த படிதான் வரும், திருகுத் துளைகள் ஒன்றோடொன்று சேராது. அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுச் சற்றுப் பெரிதாக மரத்தில் மாதிரி செதுக்கி, அதிலிருந்து வார்த்துக் கொடுத்தார். பம்பு உறைகள் வார்த்துப் பழகிய கை அது.

சுவருக்குள் புதைந்திருக்கும் இரும்புதான் இன்னும் ஆபத்தானது. துரு தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், உள்ளிருந்தே சுவரைப் பிளக்கும். இன்னொன்று, இரும்புக்குப் பித்தளைத் திருகு போட்டு அழகு பார்க்காதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் இரும்புதான் விரைவாக அரிக்கப்படும்.

மேல இருக்கிற பெரிய கண்ணாடியைத் துடைச்சா மறுபடி பளிச்சுன்னு ஆகிருமுங்களா?

துடைக்காதீர்கள். அது ஒரே கண்ணாடி அன்று. பித்தளைச் சட்டத்துக்குள் அடுக்கடுக்காகப் பொருத்திய பட்டகங்களின் தொகுதி. பிரான்சின் அகஸ்டின் ஃபிரெனெல் உருவாக்கி, 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஏற்றிய அமைப்பு அது. சிதறிப்போகும் ஒளியை வளைத்து ஒரே கற்றையாக அனுப்புவதால், எண்ணெய் விளக்கையே தொலைவிலுள்ள கப்பல்கள் காண முடிந்தது. பட்டகங்களைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மக்கு (புட்டி) பழையதாகிப் பொடிந்திருக்கும்; துணியால் அழுத்தினாலே பட்டகம் நழுவும். உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். இது எங்கள் வேலை அன்று. இதற்கென்று பழகியவர்கள் வரும் வரை நாங்கள் செய்தது ஒன்றுதான்: வெள்ளைக் காடாத் துணியால் திரை கட்டினோம்.

திரை தூசிக்காக மட்டும் அன்று. வெளியே ஒளியை அனுப்பும் அதே கண்ணாடி, பகலில் சூரியனை உள்ளே குவிக்கும், தீப்பிடிக்கும். அந்தக் காலத்துக் காவலர்கள் காலையில் விளக்கை அணைத்ததும் திரையை இழுத்துவிடுவது அதனால்தான். எங்கள் கோபுரத்தின் விளக்கறைப் பலகைத் தரையில் வில் போல வளைந்த ஒரு கருகிய கோடு இருக்கிறது. திரை கிழிந்தபின் சூரியன் நகர்ந்த வழியாகத்தான் அது இருக்க வேண்டும்.

அங்க வேலை செய்யறது ஆபத்துங்களா? என் பையனை அனுப்பலாமான்னு கேக்கறேன்.

உயரத்தைச் சொல்கிறீர்கள் என்றால், கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டியவனுக்கு அது புதிதன்று. கடற்காற்று மட்டும் புதிது. பிற்பகலில் காற்று ஏறினால் மேல் தட்டில் வேலை நிறுத்தம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளே எனக்குக் கவலை. 1890-களிலிருந்து பெரிய சுழலும் கண்ணாடிகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். டன் கணக்கான எடையை விரலால் தள்ளலாம், ஆனால் அதன் ஆவி நஞ்சு. கைவிட்ட கட்டடத்தில் அது சிந்திப் பலகை இடுக்குகளில் கிடக்கலாம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும். சுரண்டினால் தூசியாகி மூச்சிலும் வாயிலும் போகும். மேஸ்திரியின் நாக்குச் சோதனையை நிறுத்தியது இதற்காகத்தான். புறா, வௌவால் எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. நனைத்து, முகக்கவசம் போட்டுத்தான் அள்ள வேண்டும்.

பாதரசம் இருக்கிறதா என்று உரிய ஆய்வாளர்கள் வந்து பார்த்துச் சொல்லும் வரை மேல் அறைக்கு யாரையும் ஏற்றவில்லை. உங்கள் பையனுக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால், வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே துவைக்கச் சம்மதித்தால், அனுப்புங்கள்.

செலவு எத்தனைங்க ஆகும்?

ஒரு தொகையைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ள மாட்டேன். சுண்ணாம்பும் மணலும் மலிவு. சாரம், ஆய்வு, ஆள் கூலி, காத்திருக்கும் நாட்கள், இவைதான் பணம். எங்கள் கணக்கில் சாரத்தின் வாடகையே பூச்சுப் பொருளின் விலையைத் தாண்டிவிட்டது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டுக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் உப்பு வெளியேறும் வரை காத்திருப்பவனுக்கு நட்டமும், அடுத்த நாளே பூசுபவனுக்கு இலாபமும் ஆகிவிடும்.

நம்ம கோயில்ல ஆறு மாசத்துல திருப்பணி முடிஞ்சிருது. இது ஏன் இத்தனை வருசம்?

நம் கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம் இருப்பதால், கெடுதல் பெரிதாவதற்குள் யாராவது கை வைத்துவிடுகிறார்கள். இங்கே முப்பது நாற்பது ஆண்டுப் பாக்கியைச் சேர்த்துத் தீர்க்கிறோம். சுண்ணாம்பும் அவசரத்துக்கு உடன்படாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித்தான் அது மறுபடி கல்லாகிறது. பூச்சின் மேற்பரப்பிலிருந்து மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் அந்த இறுக்கம் உள்ளே இறங்கும்.

பருவமும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளிச்சுவரில் எதுவும் செய்ய முடியாது. ஏப்ரல், மே வெயிலில் பூச்சு ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நாளுக்கு நான்கு முறை தெளிக்க வேண்டும். ஆகவே நிம்மதியாகப் பூசக் கிடைப்பவை பொங்கல் கழிந்த இரண்டு மூன்று மாதங்களே. திருப்பணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: கல் பளிச்சென்று ஆகவேண்டும் என்று மணலைப் பீய்ச்சி அடிக்கும் முறையை அங்கும் செய்யாதீர்கள், இங்கும் கேட்காதீர்கள். செங்கல்லின் சுட்ட மேல்தோலையே அது உரித்துவிடும்.

செவுத்துல ஆலமரம் மொளச்சிருக்குதுங்களே, புடுங்கி எறிஞ்சா ஆச்சு?

சிறு கன்று என்றால் மழைக்குப் பின் வேரோடு வரும். மணிக்கட்டுத் தடிமன் ஆகிவிட்டால் இழுக்காதீர்கள். வேர் இப்போது சுவரின் சாந்துக்குப் பதிலாகக் கற்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே வெட்டி, அடியைச் சாகடித்து, வேர் மக்க மக்க அந்தச் சந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

நம்ம விருப்பத்துக்கு நல்ல கலர் அடிக்கலாமுங்களா? கம்பெனிக்காரங்க சும்மாவே பெயிண்ட் தர்றாங்களாம்.

முடியாது. கோபுரத்தின் பட்டைகளும் நிறமும் கப்பல்களுக்குப் பகல் நேர அடையாளம். இரவில் விளக்கு மின்னும் விதம் எப்படியோ, பகலில் நிறம் அப்படி. செயலிழந்த கோபுரமானாலும் மீனவர்கள் அதைப் பார்த்துக் கரை பிடிப்பார்கள். நாங்கள் பூச்சின் அடுக்குகளைச் சிறு கத்தியால் படிப்படியாகச் சுரண்டிப் பார்த்து, அடியில் எந்த நிறம் இருந்தது என்று பதிவு செய்தோம். இலவசப் பெயிண்ட் ஈரத்தை அடைக்கும் வகை என்றால், சிமெண்டுக்குச் சொன்ன பதிலே அதற்கும். சுண்ணாம்பு வெள்ளையடிப்பு போதும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். அடிக்க ஆள் ஏறும்போதுதான் புதிய வெடிப்பும் கண்ணில் படும்.

இத்தனை பாடுபடறதுக்கு, இடிச்சுட்டு அதே மாதிரி புதுசா கட்டிறலாமுங்களே?

கட்டலாம், ஆனால் அது பழையதைப் போன்ற புதிய கட்டடம், அவ்வளவுதான். பழைய சுவருக்குள் செய்தி இருக்கிறது: எந்தக் காளவாய்ச் செங்கல், எந்தச் சுண்ணாம்பு, எந்த ஆண்டு எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்பதெல்லாம். கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பகுதி 2004 சுனாமியில் சரிந்தது. அதே உயரத்துக்கு இன்று நாம் ஒன்றைக் கட்டினாலும் சோழர்கள் எப்படிச் சாந்து குழைத்தார்கள் என்பதை அது சொல்லாது. சீரமைக்கும்போது புதிதாக வைக்கும் செங்கல்லையும் நாங்கள் ஆண்டு பொறித்தே வைக்கிறோம். பின்னால் வருபவர் ஏமாறக் கூடாது.

கடல் அரிச்சுட்டே வருதுங்களே. நாளைக்கு அலையில போகப் போறதுக்கு இத்தனை வேலையா?

கடினமான கேள்வி, வேலையை ஏற்பதற்கு முன் நாங்களும் இதைத்தான் கேட்டோம். எங்கள் கோபுரத்துக்கும் அலைக்கும் இடையில் இப்போதைக்குப் போதிய நிலம் இருக்கிறது. இல்லாத இடங்களில் மூன்று வழிகளை உலகம் பார்த்திருக்கிறது. ஒன்று, அப்படியே நகர்த்துவது: அமெரிக்காவின் கேப் ஹாட்டெரஸில் 1870-இல் கட்டிய செங்கல் கோபுரத்தை 1999-இல் அடியோடு தூக்கி ஏறக்குறைய 880 மீட்டர் உள்ளே கொண்டுபோனார்கள், டென்மார்க்கில் ரூப்யெர்க் க்னூட் கோபுரத்தை 2019-இல் தண்டவாளத்தின் மேல் 70 மீட்டர் உருட்டினார்கள். இரண்டாவது, கழற்றி வேறிடத்தில் கட்டுவது: ஸ்மீட்டனின் கோபுரத்துக்குக் கீழே பாறை அரிக்கப்பட்டதால் 1882-இல் பக்கத்தில் புதியது வந்தது, பழையதன் மேற்பகுதி பிளிமத் நகருக்குப் போய்விட்டது. அடிப்பகுதி இன்றும் அந்தப் பாறையிலேயே நிற்கிறது. மூன்றாவது, அளந்து, படமெடுத்து, கண்ணாடியையும் இரும்பையும் இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, கோபுரத்தைக் கடலுக்கு விட்டுவிடுவது.

கல்லைச் சுமந்து கொட்டி அலையைத் தடுப்பதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஓரிடத்தில் தடுத்த அரிப்பு அடுத்த குப்பத்தின் வாசலில் தொடங்கும். கட்டடத்துக்காக அங்கே குடியிருப்பவர்களின் மணலைப் பறிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

வேலை முடிஞ்சா விளக்கு மறுபடி எரியுமுங்களா?

எல்லோரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கும் இத்தனை நொடிக்கு ஒருமுறை, இத்தனை மின்னல் என்று ஓர் அடையாளம் உண்டு. அது கடலோடிகள் வைத்திருக்கும் விளக்குப் பட்டியலில் பதிவாகியிருக்கும். பட்டியலில் இல்லாத விளக்கு கடற்கரையில் எரிந்தால் மாலுமி அதை வேறொன்றாக எண்ணி வழி மாறிவிடக்கூடும். ஆகவே இயக்குநரகத்தின் ஒப்புதல் இல்லாமல் கடலை நோக்கி ஒரு பல்பு கூடப் போட மாட்டோம். நிலத்தின் பக்கமாக, விளக்கறைக்குள் மங்கிய விளக்கு ஒன்றை வைக்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறோம்.

சென்ற பங்குனியில் ஒருநாள் மாலை, உள்படிகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று எங்கள் பையன் ஒருவன் ஒயரை இழுத்து உச்சி வரை தற்காலிக விளக்குகளைக் கட்டினான். அடைப்பு எடுத்த சன்னல்களின் வழியே ஒன்றன்மேல் ஒன்றாக மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கால் மணி நேரத்தில் குப்பத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு பாட்டி, விளக்கு எரிகிற நாளில் சன்னலும் திறந்திருக்கும் என்று சொல்லி, எந்தச் சன்னலில் காவலரின் துணி காயும் என்று கையை நீட்டிக் காட்டினார். அந்தச் சன்னலின் கொக்கியைத்தான் அடுத்த வாரம் பட்டறைக்குக் கொடுக்க இருந்தோம்.